பி.டி.டி. என்கிற லேசர் சிகிச்சை செய்த கண்ணில் பார்வை பல வருஷம் நிற்குமா?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பாவுக்கு விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய் மொட்டு மொட்டாகப் புடைத்துக் கசியும் பாலிபாய்டல் நோய், பி.டி.டி. செய்தாயிற்று, இனி பயமில்லையா என்று. அப்படி அடித்துச் சொல்ல முடியாது. கை நரம்பில் வெர்டிபோர்ஃபின் என்ற, ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்தை ஏற்றி 83 விநாடி சிவப்பு லேசர் காட்டினால் மொட்டுகள் அடைபட்டுச் சுருங்கும், ஆனால் அவற்றுக்கு ரத்தம் கொடுக்கும் கிளைக் குழாய்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதனால்தான் முதல் வருஷம் தேறிய பார்வை 3, 4 வருஷத்தில் சிலருக்கு மறுபடி இறங்குகிறது. கசிவை அடக்கக் கண்ணுக்குள் போடும் ஊசியும் சேர்ந்தால் பலன் கூடுதல்: எவரெஸ்ட் 2 ஆய்வில் 2 வருஷ முடிவில் மொட்டுகள் முழுக்க மறைந்தது ஊசி மட்டும் போட்டவர்களில் 26.7 சதவீதம், இரண்டும் செய்தவர்களில் 56.6. அப்புறம், மறுபடி பி.டி.டி. செய்ய நேர்ந்தால் 5 நாள் வேலூர் வெயிலில் தலைகாட்ட வேண்டாம், அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். கதவு நிலை வளைந்து தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.