முறிந்த தண்டு யார் கையில்?

கேள்வி: ஆறு வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. போன வாரம் நாற்காலியிலிருந்து எழும்போது 'டக்'கென்று சத்தம். தொடை எலும்புக்குள் இருக்கும் உலோகத் தண்டு இரண்டாக முறிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. அவர் கீழே விழவே இல்லை. 'உடல் எடைதான் காரணம்' என்கிறார்கள். அடுத்த வாரம் மறு அறுவை சிகிச்சை. யார் மீது வழக்குப் போடுவது?

பதில்: யார் மீது என்பதை அப்புறம் பார்ப்போம். அதைவிட அவசர வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த வாரம் வெளியே வரப்போகும் அந்தத் தண்டுதான் உங்கள் முதல் சாட்சி. பேசாமல் இருந்தால் அது மருத்துவக் கழிவோடு போய்விடும்; இல்லாவிட்டால் 'பரிசோதனைக்கு' என்று தயாரிப்பு நிறுவனத்தின் ஆள் வாங்கிப் போய்விடுவார். எடுக்கும் எல்லாப் பாகங்களையும் பத்திரப்படுத்த வேண்டும், எங்கள் சம்மதமின்றி யாரிடமும் தரக்கூடாது என்று மருத்துவமனைக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

துண்டுகள் கைக்கு வந்தால் ஒட்டவைத்துப் பார்க்காதீர்கள். தனித்தனி டப்பாவில் வையுங்கள். விரிசல் மெல்ல மெல்ல வளர்ந்து முறிந்திருந்தால், ஈர மணலில் அலை விட்டுப்போன வரிகள் மாதிரி முறிவு முகத்தில் கோடுகள் இருக்கும். உரசினால் அழிந்துவிடும். அந்தக் கோடுகள் எங்கே தொடங்கின என்பதில்தான் வழக்கே இருக்கிறது. உலோகத்துக்குள் இருந்த குறையில் என்றால் தயாரிப்பாளர். பொருத்தும்போது பட்ட கீறலில் என்றால் மருத்துவர். எலும்பின் பிடிப்பு மேலே தளர்ந்து, கீழே மட்டும் இறுகி நின்று முறிந்திருந்தால், யார் மேலும் குற்றமில்லாமலும் போகலாம். அதற்கும் தயாராக இருங்கள்.

எடை விஷயம் எனக்குப் பழகிய பல்லவி. அந்தத் தண்டுக்கு எடை வரம்பு உண்டா என்று தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் பாருங்கள். வரம்பு இருந்து, அறுவை சிகிச்சை நாளன்றே அம்மா அதைத் தாண்டியிருந்தால், அதைத் தேர்ந்தெடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலையும் கேளுங்கள். பாகங்களின் பெட்டியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர்களில் லாட் எண், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் எண், இருக்கும். நிறுவனம் அந்த வரிசையைத் திரும்பப் பெற்றதா என்று அதை வைத்துத் தேடலாம். 2010-ல் டெப்யூ என்ற செயற்கை மூட்டு நிறுவனம் தன் ஏஎஸ்ஆர் ரக இடுப்பு மூட்டுகளைத் திரும்பப் பெற்றபோது, உலகெங்கும் சுமார் 93,000 மூட்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. அது முறிவு அல்ல, உரசலில் உலோகத் துகள் உதிர்ந்த பிரச்சினை. ஆனாலும் தேடும் வழி ஒன்றுதான்.

வழக்குக்காக அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் சம்மதப் படிவத்தை முழுக்கப் படியுங்கள். 'அகற்றப்படும் பொருட்களை மருத்துவமனை அப்புறப்படுத்தலாம்' என்று ஒரு வரி இருந்தால், அதை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.