டிரஸ்டில் ஒரு புகார் வந்தால் நாமே விசாரிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் பதிவு பெற்ற சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவச டியூஷன், வாரம் ஒருமுறை முதியோர் இல்லத்தில் சேவை. சிஎஸ்ஆர் நிதி (நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) கேட்ட இடத்தில் ‘குழந்தை பாதுகாப்புக் கொள்கை’ இருக்கிறதா என்கிறார்கள். நெட்டில் கிடைப்பதை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமா? புகார் ஏதும் வந்தால் எங்கள் குழுவே முதலில் விசாரிக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். விசாரிக்கக் கூடாது. நாலு பெரியவர்கள் உட்கார்ந்து, குழந்தையையும் புகாரில் சிக்கிய ஆளையும் எதிரெதிரே நிறுத்தி, பெயர் கெட்டுவிடும் என்று பேசி முடித்து, ஆளைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடுவது நம் ஊர் வழக்கம். அவர் பக்கத்து ஊரில் இன்னொரு டிரஸ்டில் சேர்ந்துகொள்வார்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் (2012) 19ஆவது பிரிவின்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், உள்ளூர் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும். உறுதி செய்துவிட்டுச் சொல்லுங்கள் என்று சட்டம் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் 1 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. புகார் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அந்த வழக்கில் சிக்கியவர் விடுதி மாணவிகளுக்குச் சிகிச்சை பார்த்த மருத்துவர்.

குழந்தை உங்களிடம் வந்து சொன்னால் என்ன செய்வது? குறுக்கிடாமல் கேளுங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. ‘அவர்தானே செய்தார்?’ என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி, நேரத்தோடு எழுதிவைத்து, அன்றே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். தயக்கமிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 வழிகாட்டும். போலீஸ் என்றதும் பெற்றோர் பயப்படுவார்கள். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே வாங்கலாம், அதிகாரி சீருடையில் வரக் கூடாது, குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது என்று சட்டமே சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெயரோ படமோ போகவே கூடாது.

குழு கையில் எடுக்க வேண்டியது வேறு ஒன்று: குற்றம் என்று சொல்ல முடியாத, ஆனால் சரியில்லாத நடத்தை. ஒரு பிள்ளையை மட்டும் பைக்கில் கூட்டிப்போவது, தனியாக மெசேஜ் அனுப்புவது, பரிசு வாங்கித் தருவது. இதற்குத்தான் விதிகள் வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பாடம் நடத்தக் கூடாது, செய்திகள் பெற்றோர் மூலமாக மட்டுமே போக வேண்டும், இந்த மாதிரி. மீறியவரை அன்றைக்கே வகுப்பிலிருந்து விலக்கிவையுங்கள். பிறந்தநாளுக்குக் கேக்கோடு வந்து பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுக்கும் நன்கொடையாளருக்கும் இதே விதிகள்தான். சங்கடமாக இருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள்.

குழந்தைகளோடு பழகும் பணியாளர்களுக்குக் காவல் துறைச் சரிபார்ப்பை 2020 போக்சோ விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. விதி ஊழியர்களைத்தான் சொல்கிறது. தன்னார்வலர்களுக்கும் வாங்கிவிடுங்கள் என்பது என் யோசனை. ஆனால் அது பதிவான வழக்குகளை மட்டுமே காட்டும். முன்பு இருந்த இடத்துக்கு ஒரு போன் போட்டு, ஏன் விலகினார் என்று கேட்பது பல நேரம் அதைவிட உபயோகமானது.

பிள்ளைகளை இரவில் தங்கவைக்கும் எண்ணம் வந்தால் கதையே வேறு. சிறார் நீதிச் சட்டப்படி (2015) பதிவு இல்லாமல் இல்லம் நடத்துவது குற்றம். டியூஷனுக்கு அந்தப் பதிவு தேவையில்லை.

முதியோர் விஷயத்தில் ஒரு வித்தியாசம்: அவர்கள் வயது வந்தவர்கள், தெளிவாக இருப்பவரைக் கேட்காமல் அவர் சார்பில் முடிவெடுக்காதீர்கள். அங்கே கவனிக்க வேண்டியது பெரும்பாலும் பணம். உங்கள் தன்னார்வலர் யாரும் ஏடிஎம் பின் நம்பர் கேட்கவோ, கைநாட்டு வாங்கவோ கூடாது. அடி, பட்டினி, மிரட்டல் தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567.

சரி, முதல் கேள்வி. நெட்டில் எடுத்தது நிதி வாங்கிக் கொடுக்கலாம், நெருக்கடியில் உதவாது. தமிழில் இரண்டு பக்கம் எழுதுங்கள். புகாரை யாரிடம் சொல்வது என்று ஒரு பெயரும் போன் நம்பரும், அந்த ஆள் மீதே புகார் என்றால் யாரிடம் என்று இன்னொரு பெயரும் இருக்கட்டும். நிறுவனர் வீட்டிலிருந்தே இருவரும் வேண்டாம். பிள்ளைகள் கண்ணில் படும் சுவரில் ஒட்டுங்கள். நிதி கேட்ட இடத்துக்கு அனுப்பும்போது, கொள்கையை ஏற்ற குழுக் கூட்டத் தீர்மான நகலையும் சேர்த்து அனுப்புங்கள், அடுத்து அதைத்தான் கேட்பார்கள்.