இன்ஹேலரோடு மூலிகையும் சேர்க்கலாமா? – கேள்வி பதில்

ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்), விடாத இருமல் உள்ளவர்கள் தூதுவளை, அதிமதுரம், திப்பிலி, ஆடாதோடை போன்றவற்றைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று வந்த கேள்விகளும் பதில்களும்.

கவிதா, ஈரோடு: வயது 34. ஆஸ்துமாவுக்குக் காலையும் இரவும் புடெசோனைடு இன்ஹேலர் எடுக்கிறேன். தூதுவளைப் பொடி சாப்பிட்டால் இன்ஹேலரை விட்டுவிடலாம் என்கிறார்கள். முயன்று பார்க்கலாமா சார்?

பொடியை முயலலாம். இன்ஹேலரில் கை வைக்கக் கூடாது. தூதுவளை, கண்டங்கத்திரி இரண்டையும் வைத்து 1999-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று உண்டு. மிதமான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு 300 மி.கி. பொடி ஒரே வேளை கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். நுரையீரல் திறன் கூடியிருந்தது. ஆனால் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால், டெரிஃபிலின் மாத்திரைகள் தந்த அளவுக்கு இல்லை. இது ஒரு வேளைக் கணக்குதான். மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை மாதக்கணக்கில் அடக்கி வைக்குமா என்பதற்கு இதில் பதில் கிடையாது. புடெசோனைடு செய்வது அந்த வேலையை.

முதல் இரண்டு வாரம் பொடியைத் தொடாதீர்கள். பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதும் வேகத்தை எண்ணாகக் காட்டும் சின்னக் கருவி) ஒன்று வாங்கி, காலையும் மாலையும் இன்ஹேலருக்கு முன்பு நின்றுகொண்டு மூன்று முறை ஊதி, அதிகமான எண்ணைக் குறித்து வையுங்கள். நீல இன்ஹேலர் (இழுப்பு வரும்போது உடனே எடுக்கும் சால்பூட்டமால்) எத்தனை முறை தேவைப்பட்டது, இரவில் எத்தனை நாள் விழித்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதன்பிறகு பொடியை மட்டும் சேர்த்து நான்கு வாரம். கூடவே கஷாயம், லேகியம் என்று இன்னொன்றை நுழைத்தால் எது வேலை செய்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களுடைய சிறந்த எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் பொடியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 50-க்குக் கீழே போனால் நேராக அவசரப் பிரிவு.

பலருக்கு அந்த முதல் இரண்டு வாரத்திலேயே எண் கூடிவிடும். மறக்காமல், முறையாக இன்ஹேலர் எடுப்பதால் வரும் ஏற்றம் அது. பொடியையும் அன்றே தொடங்கியிருந்தால் பெயர் பொடிக்குப் போயிருக்கும்.

முருகேசன், திண்டுக்கல்: அப்பாவுக்கு 68 வயது, சி.ஓ.பி.டி. டெரிஃபிலின் போடுகிறார். பிரஷருக்கு நீர் மாத்திரையும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம், திப்பிலி கலந்து ஒரு ஸ்பூன் தேனில் குழைத்து இருவேளை கொடுக்கச் சொன்னார்கள்.

கொடுக்காதீர்கள். அப்பாவின் மாத்திரைச் சீட்டோடு இந்த இரண்டு மூலிகையும் மோதும்.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அதனால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர் ஏறும், கால் வீங்கும். நீர் மாத்திரைகளில் பல ஏற்கெனவே பொட்டாசியத்தை இறக்கிக்கொண்டிருப்பவை. நெபுலைசரில் (மருந்தை ஆவிபோல் மாற்றித் தரும் கருவி) சால்பூட்டமால் எடுத்தால் அதுவும் இறக்கும். எல்லாம் சேர்ந்தால் கெண்டைக்கால் பிடிப்பு, சோர்வு, கடைசியில் இதயத் துடிப்பே தடுமாறும்.

திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பைப்பரின் சில மருந்துகள் உடம்பிலிருந்து வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது. டெரிஃபிலினில் இருக்கும் தியோஃபிலின் அவற்றில் ஒன்று. அதற்கு இரத்தத்தில் 10 முதல் 20 மைக்ரோகிராம்/மி.லி. என்பதுதான் வழக்கமான எல்லை. தாண்டினால் குமட்டல், கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை, இன்னும் ஏறினால் வலிப்பு. இந்த அறிகுறிகளை "நோய் முற்றிவிட்டது" என்று வீட்டார் எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். ஸ்பூன் கணக்கில் தினமும் போகும் திரிகடுகமும் (சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடி) திப்பிலிச் சூரணமும்தான் பிரச்சினை.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் நிறுத்திவிட்டு, பொட்டாசியமும் இ.சி.ஜி.யும் பார்த்துவிடுங்கள்.

ரேவதி, தஞ்சாவூர்: நான்கு மாத கர்ப்பம். சளிக்கு ஆடாதோடை மணப்பாகு குடிக்கலாமா?

வேண்டாம் அம்மா. ஆடாதோடையில் உள்ள வாசிசின் கருப்பையைச் சுருங்கத் தூண்டக்கூடியது. மற்றவர்களுக்கு அது சளியை இளக்கும். மருந்துக்கடை சிரப்புகளில் இருக்கும் புரோம்ஹெக்சின் அதே வாசிசினிலிருந்து வந்த வழித்தோன்றல்தான். அதனால் அந்த சிரப்போடு மணப்பாகையும் சேர்த்துக் குடிப்பதில் பெரிய லாபமில்லை. சர்க்கரை நோயாளிகள் மணப்பாகு, லேகியம், தாளிசாதி சூரணம் எல்லாவற்றிலும் சர்க்கரை சேர்வதை நினைவில் வையுங்கள்.

பெயர் வேண்டாம், சேலம்: ஓரிடத்தில் காகிதப் பொட்டலத்தில் பொடி தருகிறார்கள். ஒரே வாரத்தில் இழுப்பு நின்றது. ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன், பசி நன்றாக எடுக்கிறது, முகம் பூசினாற்போல் ஆகிவிட்டது. தொடரலாமா?

நீங்கள் எழுதிய மூன்று அடையாளங்களும் ஸ்டீராய்டைத்தான் காட்டுகின்றன. பச்சிலை எதுவும் நாள்பட்ட இழுப்பை ஒரு வாரத்தில் இப்படித் துடைத்துப் போடாது. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் கலந்த "மூலிகைப்" பொடிகள் சோதனைகளில் பிடிபட்டிருக்கின்றன.

ஆனால் இன்றே நிறுத்திவிடாதீர்கள், இதுதான் முக்கியம். ஆறு மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால், உடம்புக்குள் கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறங்கி மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு இந்த வாரமே பொதுமருத்துவரிடம் போங்கள். காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் கார்ட்டிசால், கூடவே சர்க்கரை, பிரஷர் பார்த்து, கணக்கான மாத்திரைக்கு மாற்றிப் படிப்படியாக இறக்குவார்கள்.

வாங்கும் மருந்தில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் நான்கும் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் மட்டும் இருந்தால் அது உணவுப் பொருள், மருந்தல்ல. பெயரில் பற்பம், செந்தூரம், ரசம் என்று வந்தால் உலோகமோ தாதுவோ சேர்ந்திருக்கலாம். பதிவு பெற்ற சித்த மருத்துவர் நேரில் பார்த்துத் தராமல் தொடாதீர்கள். "ஆஸ்துமாவை நிரந்தரமாகக் குணமாக்கும்" என்று அட்டையில் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். குணமாக்குவதாக மருந்துகள் உரிமை கோரக் கூடாத நோய்களின் பட்டியலான, மருந்து விதிகளின் அட்டவணை ஜே-யில் ஆஸ்துமா இருக்கிறது. அப்படி உரிமை கோரவே சட்டத்தில் இடமில்லை.

ஜான், தூத்துக்குடி: கொரோனா காலத்திலிருந்து கபசுரக் குடிநீர் தினமும் குடிக்கிறோம்.

எதற்கு? காய்ச்சலும் சளியும் வரும்போது சில நாள் குடிக்கும் கஷாயம் அது. 5 கிராம் பொடியை 240 மி.லி. தண்ணீரில் போட்டு 60 மி.லி. ஆகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, அன்றைக்கே குடித்துவிட வேண்டும். பிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்குவது முறையல்ல. பதினைந்து சரக்குகளில் திப்பிலியும் ஆடாதோடையும் இருப்பதால் மேலே சொன்ன எச்சரிக்கைகள் இதற்கும் உண்டு.

ஹேமா, ஓசூர்: ஜூன் மாதம் ஹைதராபாத்தில் கொடுக்கும் மீன் மருந்துக்குப் போகலாமா?

உயிருள்ள சின்ன விரால் மீனின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்கிறார்கள். ஆஸ்துமா குறையும் என்பதற்கு முறையான ஆய்வு ஆதாரம் இல்லை. நம்பிக்கைக்காகப் போவது உங்கள் விருப்பம், ஆனால் அந்தக் கூட்டத்திலும் புழுக்கத்திலும் இழுப்பு வரலாம். இன்ஹேலர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

சுமதி, கடலூர்: குழந்தைக்கு எட்டு மாதம். துளசிச் சாற்றில் தேன் கலந்து தரவும், எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவவும் மாமியார் சொல்கிறார்.

ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளியும் கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்து குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சைச் சுரக்கலாம். கற்பூரம் சின்னக் குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். தடவவும் வேண்டாம், வாய்க்கு எட்டும் இடத்தில் வைக்கவும் வேண்டாம். அத்தையிடம் செய்வதற்கு ஒரு வேலை கொடுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். இந்த வயதில் 50-ஐத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

பாலு, வேலூர்: மூன்று வாரமாக இருமல். ஆடாதோடைக் கஷாயம் குடித்தால் கொஞ்சம் அடங்குகிறது.

முதலில் சளிப் பரிசோதனை. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் நாளைக்கே போங்கள். காசநோய் மாத்திரை தொடங்கிவிட்டால் சொல்லாமல் எந்த மூலிகையும் சேர்க்காதீர்கள். அந்த மாத்திரைகளில் மூன்று கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. கண் மஞ்சளானால் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

கவிதா, ஈரோடு: இன்னொன்று கேட்க விட்டுவிட்டது. நடு இரவில் இழுப்பு வந்தால் தூதுவளைக் கஷாயம் உடனே உதவுமா?

உதவாது, அடுப்பு மூட்டும் நேரமும் வீண். நிமிர்ந்து உட்கார்ந்து நீல இன்ஹேலரை ஸ்பேசரில் (மருந்தைப் பிடித்துவைத்து மூச்சில் இழுக்க உதவும் குழல்) பொருத்தி ஒரு அழுத்து, நான்கு மூச்சு. இப்படி நான்கு முறை. நான்கு நிமிடம் பொறுத்துக் குறையவில்லை என்றால் மறுபடி நான்கு. அப்போதும் அடங்காவிட்டாலோ, முழு வாக்கியம் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அதே அளவைத் தொடருங்கள்.