பழைய இடுப்பு மூட்டைக் கழற்றுவது எப்படி? மறு அறுவை பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு 18 வருடத்துக்கு முன் வைத்த இடுப்பு மூட்டு தளர்ந்துவிட்டது. இப்போதைய ஆபரேஷன் முதல் தடவையைவிட ரொம்ப நேரம் ஆகும் என்கிறார்கள். ஏன் டாக்டர்?

பதில்: பழையதை எடுக்கத்தான் அம்மா அந்த நேரம். பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்து உதிர்ந்த நுண்துகள்களால் தூண்டப்பட்டு, உடலே சுற்றியுள்ள எலும்பை அரித்திருக்கும். அந்த மெலிந்த எலும்பு நொறுங்காமல் தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டையும், அதைப் பிடித்திருக்கும் சிமென்டையும் எடுக்க வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: எம்.எஸ். ஆர்த்தோ படிக்கிறேன் சார். சிமென்ட் இல்லாத தண்டு, எலும்போடு கெட்டியாக ஒட்டியிருக்கிறது. மேலிருந்தே உளி போடுவதா, ஈ.டி.ஓ. (தொடை எலும்பின் மேற்பகுதியை நீளமாக வெட்டித் திறப்பது) செய்வதா?

பதில்: ஈ.டி.ஓ.தான் தம்பி. மெல்லிய உளியால் மேலிருந்து கொஞ்சம் முயலலாம், பிடிவாதம் கூடாது. ஆரம்ப காலத்தில் நான் பிடிவாதம் பிடித்து ஒரு அம்மாவின் தொடை எலும்பை உடைத்திருக்கிறேன். தானாக உடையும் எலும்பு எங்கே உடையும் என்பது நம் கையில் இல்லை. நாமே வெட்டினால் நீளமும் இடமும் நம் முடிவு.

பெரிய ட்ரோகான்டரின் (தொடை எலும்பின் மேலே வெளிப்புறம் துருத்தும் முண்டு) முனையிலிருந்து கீழே சுமார் 12 முதல் 15 செ.மீ., சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு. வாஸ்டஸ் லேட்டராலிஸ் என்ற தொடையின் வெளிப்புறத் தசை ஒட்டியிருக்கும்படியே கதவுபோல முன்பக்கமாகத் திறங்கள். தசையை உரித்தால் ரத்த ஓட்டம் போய்விடும், வெட்டிய எலும்பு மறுபடி ஒன்றுசேராது. கீழ் மூலைகளைத் துளையிட்டு வட்டமாக்குங்கள். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். வெட்டுக்குக் கீழே முன்கூட்டியே ஒரு கம்பி கட்டிவிடுங்கள். நீளத்தை எக்ஸ்ரேயில் முதல்நாளே அளக்க வேண்டும்: வரிப்பள்ளங்கள் கொண்ட டைட்டானியம் கூம்புத் தண்டு பிடிக்க, வெட்டுக்குக் கீழே நல்ல எலும்பு 4 முதல் 6 செ.மீ.யாவது வேண்டும்.

கேள்வி: பழைய சிமென்ட் முழுவதையும் எடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: எலும்போடு அதன் பிடிப்பு நன்றாக இருந்து, தொற்றும் இல்லையென்றால் வேண்டாம். அதற்குள்ளேயே புதுச் சிமென்ட் விட்டுச் சற்றுச் சிறிய தண்டை இறக்கலாம்.

கேள்வி: வலி மட்டும்தான், காய்ச்சல் இல்லை. தொற்று இருக்காதுதானே?

பதில்: இருக்கலாம். மெதுவாக வளரும் கிருமிகள் காய்ச்சலே காட்டாது. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து, மூட்டு நீரை எடுத்து கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்பாமல் கத்தி வைக்கக் கூடாது. அதற்கு முன் நீங்களாக ஆன்டிபயாடிக் சாப்பிடாதீர்கள், கிருமி ஒளிந்துகொள்ளும். நாள்பட்ட தொற்று என்றால் பெரும்பாலும் இரண்டு கட்டம்: முதலில் எல்லாவற்றையும் அகற்றி மருந்து கலந்த சிமென்ட் ஸ்பேசர் (தற்காலிக இடைநிரப்பி), தொற்று அடங்கிய பிறகு புது மூட்டு.

கேள்வி: பழைய ஆபரேஷன் காகிதங்கள் எதற்கு?

பதில்: அதில் ஒட்டிய ஸ்டிக்கரில் மூட்டின் வகையும் அளவும் இருக்கும். அதற்கேற்ற கழற்றும் கருவியை நாங்கள் முன்பே வரவழைக்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லையென்றால் முதல் ஆபரேஷன் நடந்த இடத்தில் இன்றே கேளுங்கள்.