மனநல மாத்திரையும் ஏறிய கொழுப்பும்

கேள்வி: என் தம்பிக்கு வயது 29. மனச்சிதைவு நோய்க்காக இரண்டு ஆண்டுகளாக இரவில் ஓலன்சபின் 10 மி.கி. சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்று, மறுபடி தறி வேலைக்கும் போகிறான். ஆனால் 62 கிலோ இருந்தவன் இப்போது 76 கிலோ. இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 240, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 138, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 34, டிரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 340 என்று வந்திருக்கிறது. எல்லாம் மாத்திரையால்தான், நிறுத்திவிடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். நிறுத்தலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் உறவினர்கள் சொல்வதில் முதல் பாதி பெரும்பாலும் சரி, இரண்டாம் பாதி ஆபத்தானது. ஓலன்சபின், குளோசபின் ஆகிய இரண்டும் எடையையும் டிரைகிளிசரைடையும் மற்ற மனநல மருந்துகளைவிட அதிகமாக ஏற்றக்கூடியவை. பசியைக் கட்டுப்படுத்தும் மூளையின் சில ஏற்பிகளை அவை தடுப்பதால், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இரவு பதினொரு மணிக்கு மறுபடி பசிக்கிறது என்று நோயாளிகள் சொல்வதைப் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கேட்கிறேன். அதைப் பெருந்தீனி என்று வீட்டார் கடிந்துகொள்வது நியாயமல்ல. இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறப்பதற்கு மாரடைப்பு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பதால், நீங்கள் கவலைப்படுவதும் சரியே. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் குரல்கள் திரும்பி வரும் வாய்ப்பு மிக அதிகம்; அப்போது தறியும் நிற்கும், சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நிற்கும்.

முதலில் ஒன்றைக் கேட்டறியுங்கள்: இரத்தம் எடுப்பதற்கு முன் தம்பி டீ குடித்தாரா? டிரைகிளிசரைடு சாப்பாட்டால் உடனே ஏறும். ஆகவே, 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து மீண்டும் பார்க்க வேண்டும். கூடவே சர்க்கரை, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தைராய்டு ஆகியவற்றையும் பாருங்கள். பிறகு அந்தத் தாள்களோடு மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். எடையை அவ்வளவாக ஏற்றாத அரிபிப்ரசோல் போன்ற மருந்துக்கு, சில வாரங்களில் படிப்படியாக மாற்றலாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். முன்பு வேறு மருந்துகள் பலன் தராமல் இதில்தான் தேறினார் என்றால், இதையே தொடர்ந்துகொண்டு, எடைக்கு மெட்ஃபார்மினும் தேவைப்பட்டால் கொழுப்புக்கு ஸ்டாட்டினும் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

உணவில், எண்ணெயைக் குறைத்தாயிற்று என்று பலரும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். டிரைகிளிசரைடை ஏற்றுவதில் சர்க்கரைக்கும் மைதாவுக்கும் மதுவுக்கும் பெரும் பங்கு உண்டு. பாகில் ஊறிய ஆற்காடு மக்கன் பேடாவும், தறிக்கூடத்துக்கு வரும் இனிப்பு டீயும் பன்னும், இரவுப் பரோட்டாவும்தான் முதலில் குறைய வேண்டியவை. இரவுப் பசிக்கு வேகவைத்த சுண்டலோ மோரோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். புகைபிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் அதை மருத்துவரிடம் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள், ஏனெனில் புகை நின்றதும் இரத்தத்தில் ஓலன்சபின் அளவு உயரும்.

மறு பரிசோதனையில் டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயம் உண்டு. மேல்வயிற்றில் கடும் வலி எழுந்து முதுகுவரை பரவி, வாந்தியும் வந்தால், மறுநாள்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.