கர்ப்பிணிகளைப் படமாக்குவது இந்தக் காலத்துப் பழக்கமா?

மாசமாக இருக்கும் அக்காவைக் கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் போட்டோ எடுத்ததற்கு, "கண்ணு படும், அந்தக் காலத்துல யாரு இப்படிச் செஞ்சா?" என்று பாட்டி திட்டினார் எனக் கேட்டிருக்கிறீர்கள்.

செய்திருக்கிறார்கள். சுமார் 1460இல் இத்தாலிய ஓவியர் பியரோ டெல்லா பிரான்செஸ்கா மாதாவையே நிறைமாதக் கர்ப்பிணியாக வரைந்தார். நீல அங்கி முன்பக்கம் பிரிந்திருக்கும், அந்தப் பிளவில் மாதாவின் கை. முதுகு வலிக்கும் பெண் நிற்பதைப் போலவே இன்னொரு கை இடுப்பில். வளைகாப்பு வீட்டில் பார்க்கிற அதே நிற்பு!

1590களில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் கர்ப்பிணி மனைவியரை வரையச் சொன்னார்கள். பிரசவத்தில் உயிர் போகும் காலம். முகமாவது மிஞ்சட்டும் என்ற பயமும் அதில் உண்டு. பாட்டியின் பயமும் கிட்டத்தட்ட இதுதான், படம் வேண்டாம் என்கிறார், அவ்வளவே.

ஆனால் 1434இல் ஓவியர் வான் ஐக் வரைந்த தம்பதி ஓவியத்தில் பச்சை உடைப் பெண் கர்ப்பிணி போலத் தெரிந்தாலும், கர்ப்பிணி அல்ல என்பதே பலர் கருத்து. பாவாடையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.

அப்புறம், இன்றைய போஸ்களுக்கு முன்னோடி 1991இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை அட்டையில் வந்த நடிகை டெமி மூரின் ஆடையில்லாப் படம். அதைப் பாட்டியிடம் காட்டாதீர்கள். மாதா படத்தைக் காட்டலாம்.