சீனாவில் ஊருக்கு ஊர் இசை நாடகம் மாறுவது ஏன்?

சீன இசை நாடகம் என்பது பாட்டு, வசனம், அபிநயம், சண்டை வித்தை எல்லாம் சேர்ந்த மேடைக் கலை. முந்நூறுக்கும் மேற்பட்ட வட்டார வகைகள் உண்டு என்பார்கள். பல வகைகளில் கதையும் பாத்திரங்களும் ஒன்றேதான். மாறுவது பாட்டு.

காரணம் பேச்சுமொழி. சீன மொழிகளில் குரல் ஏறி இறங்குவதைப் பொறுத்துச் சொல்லின் பொருளே மாறும். பெய்ஜிங் பேச்சில் இப்படி 4 தொனிகள், தென் சீனாவின் கான்டனீஸ் பேச்சில் 6. தொனி இறங்க வேண்டிய இடத்தில் மெட்டு ஏறினால், கேட்பவர் காதில் வேறு சொல் விழும். அதனால் மெட்டு உள்ளூர்ப் பேச்சை ஒட்டித்தான் அமையும். துணி ஒன்றுதான், தையல்காரர் அளவெடுப்பது மட்டும் அந்தந்த ஊர் நாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வாத்தியமும் மாறும். ஷான்ஷி மாகாணத்தின் 'சின்சியாங்'கில் மரக்கட்டைகளைத் தட்டித்தான் தாளம். பாட்டு கிட்டத்தட்ட கத்தல். சூசோ நகரத்துப் பக்கத்துக் 'குன்சூ'வில் மூங்கில் புல்லாங்குழலோடு குரல் இழைந்து போகும். சிச்சுவானில் ஒரு பாணிக்கு நரம்பு வாத்தியமே கிடையாது: தாள வாத்தியங்கள் முழங்க, நடிகர் விட்ட வரியை மேடைக்குப் பின்னால் இருப்பவர்கள் எடுத்துப் பாடுவார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் வெளியூர்க்காரர்கள் சிச்சுவான் என்றாலே நொடியில் முகமூடி மாற்றும் வித்தையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அப்புறம், பெய்ஜிங் ஓபரா எனப்படும் பெய்ஜிங் இசை நாடகம்தான் மூலம், மற்றவை அதன் கிளைகள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1790-இல் சியான்லோங் பேரரசரின் 80-ஆவது பிறந்தநாளுக்காக வந்த அன்ஹுய் குழுக்களிலிருந்து வளர்ந்தது அது. குன்சூ அதைவிட மூத்தது.